ஈர மணலில் கிடந்த பிரெஞ்சு ஒயின்

அந்தப் புட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதம் என்னால்தான் அழிந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டு, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கி, பச்சைமலையில் ஒரு மழைக்காலம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து, கடைசியில் திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு ரயில்வே துரையின் பங்களாவில் மேட்டியாகச் சேர்ந்தேன். மேட்டி என்றால் பட்லருக்கு அடுத்த ஆள். தட்டுக் கழுவ, விளக்குத் துடைக்க, தண்ணீர் தெளிக்க. சோறும் படுக்க இடமும் ஒரே இடத்தில் கிடைத்தது அங்கேதான்.

துரை எப்போதோ புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த பிரெஞ்சுச் சிவப்பு ஒயினில் ஒரே புட்டி மிஞ்சியிருந்தது. வாங்கும்போதே பழசு. சீமைக்குத் திரும்பும் வாரம் திறப்பேன் என்று சொல்லி வைத்திருந்தார். திருச்சி வெயிலுக்கு அது தாங்காதென்று பட்லர் இருட்டறையில் குழி தோண்டி, காவேரி மணலைக் கொட்டி, தண்ணீர்ப் பானையை வைப்பதுபோல அதைப் புதைத்து வைத்திருந்தார். மணல் காயாமல் தினம் ஒரு கை தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அந்தக் கோடையில் நான் தினம் ஒரு குடம் ஊற்றினேன். எனக்கே சூடு தாங்கவில்லை, புட்டிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது.

துரை சீமைக்குக் கிளம்பும் வாரம் வெளியே எடுத்தபோது காகிதம் கூழாகி என் விரல்களில் வந்துவிட்டது. எந்தத் திராட்சைத் தோட்டம், எந்த வருஷம் என்பதெல்லாம் அதோடு போயிற்று.

பட்லர் புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நான் குடிச்சுட்டு வேற ஊத்தி வச்சுட்டேன்னுதான் தொரை நெனைப்பாரு" என்றார்.

"நாந்தாங்க தண்ணி ஊத்துனேன்னு சொல்லிடறேன்."

"சொல்லு. நேத்து வந்தவன் பேச்ச யாரு கேக்கப்போறா."

துரை எழுதிக் கொடுக்கும் நற்சாட்சிக் கடிதம் இருந்தால்தான் அடுத்து வரும் துரை பட்லரை வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் பங்களாவுக்குப் பின்னால் இருந்த அறையைக் காலி செய்ய வேண்டும். கை கால் விழுந்த அவர் மனைவி அந்த அறையில்தான் படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து. வெட்டிவேர்த் தட்டிகளுக்குத் தண்ணீர் அடித்திருந்தேன். அறை குளத்துக்கு அடியில் இருப்பதுபோல மங்கலாக இருந்தது. தட்டியின் இடுக்கில் மலைக்கோட்டை கானலில் மிதந்தது. துரையோடு ஒரு பட்டாளத்து டாக்டரும், கல்லூரியில் பாடம் சொல்லும் பிரெஞ்சுப் பாதிரியாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பட்லர் ஊற்றியதும் டாக்டர் குடித்தார். செத்துப்போன ஒயின், இனி காடிக்குத்தான் ஆகும் என்றார். எனக்கு இருந்த இங்கிலீஷுக்கு அவ்வளவு புரிந்தது.

பாதிரியார் குடிக்கவில்லை. மோந்து பார்த்துவிட்டுப் பட்லரிடம் தமிழில் கேட்டார். "மணல்லயா வச்சிருந்தீங்க?"

"ஆமாங்க சாமி. காவேரி மணலு."

"நல்லதுதான். கொஞ்சம் பொறுங்க. இது இன்னும் முழிக்கல."

அந்த நேரம் ஸ்ரீரங்கத்திலிருந்து துரையின் ஆபீஸ் ஹெட் கிளார்க் கையெழுத்துக்குக் காகிதங்களோடு வந்தார். துரை தன் கிளாஸைத் தொடாமல் வராந்தாவுக்குப் போனார். தலைக்கு மேல் பங்கா விசிறி மெல்ல ஆடியது. அரைமணி கழித்துப் பாதிரியார் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார். "எங்க ஊர்ல மழை விட்ட மறுநாள் காட்டுக்குள்ள நடந்தா இப்படித்தான் இருக்கும்" என்றார். அதையே இங்கிலீஷிலும் சொன்னார். டாக்டர் சிரித்தார். அது ஒயினின் ருசி இல்லை, உங்கள் ஊர் ஏக்கம் என்றார். இருவரும் விடவில்லை.

துரை ஹெட் கிளார்க்கை உள்ளே கூப்பிட்டார். குடிக்காத மனிதர், பொய் சொல்ல வேண்டியதில்லை, மோந்து மட்டும் சொல்லட்டும் என்றார். கிளார்க் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சாண் தள்ளி நின்று மூக்கை மட்டும் நீட்டினார்.

"பழைய புஸ்தகப் பொட்டிக்குள்ள ரெண்டு ஜாதிக்காய் போட்டு வச்சாப்ல இருக்கு. வேற ஒண்ணும் தோணலை."

பாதிரியார் மேசையைத் தட்டினார். கிளார்க் என் பக்கம் வந்து, "ஆத்துக்குப் போனதும் ஸ்நானம் பண்ணணும்" என்றார்.

"மோந்ததுக்காங்க?"

"மூக்குக்கு மட்டும் தனியா ஸ்நானம் உண்டோ?"

துரை கடைசியில்தான் குடித்தார். ஒரு மணி நேரம் போயிருந்தது. ஒன்றுமே இல்லை, வெறும் நிறம் போட்ட தண்ணீர் என்று கிளாஸை வைத்துவிட்டு, புட்டியின் மேல் இருந்த காகிதம் எங்கே என்று பட்லரைப் பார்த்தார். நான் முன்னால் போய்க் குடத்தைப் பற்றிச் சொன்னேன். பாதிரியார் மொழிபெயர்த்துவிட்டுத் தானாகவும் கொஞ்சம் பேசினார். இதை எடுத்துவிட்டு இப்படி ஒன்றை ஊற்றி வைக்க வேண்டுமென்றால் பட்லரிடம் இப்படி ஒன்று இருக்க வேண்டும், திருச்சியில் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாராம். பட்லர் பிறகு சொன்னார். துரை மேசையை விட்டு எழுந்தார்.

நான் தட்டுகளை எடுத்துப்போய், புட்டியின் அடியில் இருந்த மண்டியைக் குடித்தேன். முதலில் இரும்பு. பிறகு வெட்டிவேர். அதற்கும் பிறகு, பச்சைமலையில் காய்ச்சல் விட்ட காலையில் குடிசைக் கூரையிலிருந்து நீர் சொட்டியது நினைவுக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். நாக்கில் இருந்ததும் நினைவில் இருந்ததும் எது எதுவென்று இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் துரை கொடுத்த கடிதத்தோடு பட்லர் ஸ்ரீரங்கத்தில் ஹெட் கிளார்க் வீட்டுக்குப் புறப்பட்டார். அவருக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க வராது. நானும் கூட நடந்தேன். எனக்குக் கடிதம் இல்லை, வேலையும் அன்றோடு சரி. ஹெட் கிளார்க் வாசலில் நின்றபடியே படித்தார்.

"இவன் யோக்கியன்னு எழுதியிருக்கார். ஒயினை வச்சுக் காப்பாத்தறதுல இவனைப் பத்தி அபிப்ராயம் பலவிதம்னும் எழுதியிருக்கார்."

"இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"வரப்போற தொரை விஸ்கி குடிக்கறவர்னு கேள்வி. அப்போ நல்லதுதான்."

பட்லர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அறை தப்பியது. ஆற்றங்கரைக்கு வந்தோம். தண்ணீர் ஒரு ஓரமாக ஓட, மற்றதெல்லாம் வெள்ளை மணல். பத்து வருஷம் அந்தப் புட்டியைப் பார்த்துக்கொண்டவர் அதில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

"மண்டியக் குடிச்சியே, எப்படிடா இருந்துச்சு?" என்றார்.

"சொல்லத் தெரியலங்க."

"மணல் வாசனை இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

கொஞ்ச தூரம் நடந்தார்.

"ஒரு கை தண்ணிதாண்டா சொன்னேன்" என்றார்.