பிளக்கைத் தொட்டவர்

டிசம்பர் 19, வெள்ளி. வழக்கம்போல் ஐந்தரை மணிக்குப் பால் வாங்கி வைத்துவிட்டு, இறந்துபோன அண்ணனின் பழைய காரைக் கிளப்பினேன். ஒரு வாரமாக அது பனிக்காலையில் லேசில் கிளம்புவதில்லை; கிளம்பினாலும் உடம்பெல்லாம் உதறும்.

மாதத் தொடக்கத்தில் எஞ்சினின் நான்கு ஸ்பார்க் பிளக்கும் மாற்றியவர் மங்கலம்பேட்டை மெக்கானிக் பாய். போனில் கேட்டதற்கு, "புதுசுதாங்க போட்டேன். வேற யாராவது தொட்டாங்களா?" என்றார்.

"யாரும் தொடல பாய்" என்றேன். அதோடு விடாமல், பழைய பிளக்கை மாட்டி ஏமாற்றிவிட்டார் என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை எஞ்சின் ஓடும்போதே பானெட்டைத் திறந்து பார்த்தேன். இருட்டில் ஒரு பிளக்கின் மேல் நீல ஒளி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் வந்து நின்ற என் மனைவி, "உங்கண்ணன் இன்னும் வண்டிய விடலைங்க. வித்துடுங்க" என்றாள். எனக்கும் முதுகு சில்லிட்டது.

செராமிக் பட்டறையில் மை தடவி விரிசல் கண்டுபிடிப்பது இருபது வருடமாக என் வேலை. எஞ்சின் ஆறியதும் அந்தப் பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைப் பீங்கானில் பேனா மையைத் தடவித் துடைத்தேன். மயிரிழைபோல ஒரு கோடு நின்றது. மின்பொறி அதன் வழியாகத்தான் கசிந்திருக்கிறது.

அதை எழுத டைரியைத் திறந்தபோது பழைய பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. டிசம்பர் 11: "பிளக்குகளைச் சுத்தம் செய்தேன். ஒன்று தரையில் விழுந்தது. துடைத்து மாட்டினேன்."

என் கையெழுத்துதான். எனக்கு எதுவும் நினைவில்லை. நீல ஒளியைவிட அந்த மூன்று வரிகளுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதே டீக்கடைக்குப் போய், எல்லார் முன்னாலும் போன் போட்டேன்.

"தொட்டது நான்தான் பாய்."