முடி இறக்கிய கதாநாயகன்

சிங்கப்பூரில் சொந்தமாகத் தமிழ்ப்படம் எடுக்கக் கிளம்பிய பெண் என்பதால் என்னை 'முன்னோடி' என்று பத்திரிகையில் எழுதினார்கள். முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன், வாஸ்தவம். பின்னால் கேமராமேனைத் தவிர யாரும் வரவில்லை.

என் கதாநாயகன், படத்தில் வருவதுபோல் நிஜமாகவே கப்பல் பட்டறையில் வேலை செய்தவர், புதுக்கோட்டைக்காரர். அவருக்கு லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் மட்டும்தான் படப்பிடிப்பு. இரண்டு வருடம் இப்படியே இழுத்தது. கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி என்றிருந்தபோது, வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அவருடைய கம்பெனி கையை விரித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஊருக்கு விமானம். எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு ஞாயிறு.

"பயப்படாதீங்க தம்பி, இந்த ஞாயித்துக்கிழமையோட படம் முடிஞ்சுது" என்று போனில் நான்தான் சொன்னேன்.

ஃபேரர் பார்க் திடலில் கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, சிரித்தபடி வந்தார்.

"படம் நல்லபடியா முடியணும்னு முருகனுக்கு வேண்டியிருந்தேன்க்கா. ஊருக்குப் போறதுக்குள்ள செஞ்சிடலாம்னு காலையிலேயே முடி இறக்கிட்டேன்."

முடிய வேண்டும் என்று முடியைக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தலை சுற்றியது. முந்தின காட்சியில் சுருட்டை முடியோடு பஸ்ஸை விட்டு இறங்கியவர் இதில் மொட்டையாக நின்றால் யார் நம்புவார்கள்?

"விக் வச்சா காமெடி ஆயிடும் லா" என்றான் கேமராமேன்.

கடைசிக் காட்சியில் கதாநாயகன் அம்மாவுக்குப் போன் செய்து, ஊருக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மா இறந்துவிட்டதாக மாற்றினால் மொட்டை பொருந்திவிடும். வசனம்கூட வேண்டாம், திடலில் உட்கார்ந்திருந்தால் போதும். இதைச் சொன்னதும் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"வேணாம்க்கா. எங்கம்மா உசுரோட இருக்காங்க."

"இது படத்துல வர்ற அம்மா தம்பி."

"சாமிக்கு எடுத்த மொட்டைக்கா இது. இதை வச்சுக்கிட்டு அம்மா செத்துட்டாங்கன்னு எப்படி உக்காருவேன்?"

கெஞ்சினேன். வெளிச்சம் இறங்க இறங்க, வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் புல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். எனக்கு வேண்டிய காட்சி அதுவேதான். எடுக்கட்டுமா என்று கேமராமேன் கண்ணாலேயே கேட்டான்.

கேமராவை மூடச் சொன்னேன்.

தெம்பனிஸில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். முழுப் படத்தையும் வேறு ஆளை வைத்துத் திரும்ப எடுக்க என்னிடம் எதுவும் இல்லை, தெம்பு உட்பட. இன்றுவரை அந்தப் படம் முடியவில்லை.

அவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் கூப்பிடுகிறார். போனை அம்மாவிடம் கொடுப்பார்.

"படம் எப்பம்மா வரும்? எம்புள்ளைய அதுல பாத்துட்டுத்தான் கண்ண மூடுவேன்" என்கிறார் அந்த அம்மா.

"கொஞ்சம் லேட்டாகும்மா" என்கிறேன்.