பேட்ரிக் எந்த ஊர்க்காரர்?

செல்வகுமாரி ஏம்பலத்தில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் பிழைத்தவர். முப்பத்தாறு வயதில் வில்லியனூரில் ஆறு மாதம் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி முடித்து, அருகிலேயே கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்ந்தார். அவர் பார்த்துக்கொண்ட ஒருவருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. சான்றிதழ் இருந்தும் அங்கே அவர் 'ஆயா'தான்.

இல்லத்தைத் தொடங்கிய சிஸ்டர் பிரிஜிட் அயர்லாந்துக்காரர். அதனால் மார்ச் பதினேழு, புனித பேட்ரிக் திருநாளில், ஊழியர்களுக்கு வினாடி வினா வைப்பார்கள். நர்சுகள் உட்கார்ந்து பதில் எழுதுவார்கள். ஆயாக்கள் டீ கொடுப்பார்கள். இந்த ஆண்டு செல்வகுமாரி டீ பிளாஸ்க்கும் டம்ளர்களும் இருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னா, கால் வலியா?" என்றார் மேலாளர் ஆண்டனி.

"இல்ல சார். நோட்டீஸ்ல ஊழியர் எல்லாருக்கும்னு போட்டிருக்கு."

"சரி. எல்லாருக்கும் உள்ள ரூல்தான், ஒரு பதில் தப்புன்னாலும் எழுந்து போயிடணும். அதோட ஆயாங்க யாரும் இனிமே இதக் கேட்டு வரக் கூடாது."

"வரமாட்டோம். கேளுங்க."

மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை விளக்கப் பேட்ரிக் காட்டியதாகச் சொல்லப்படும் மூவிலைச் செடி எது? ஷாம்ராக். எல்லோரும் சரியாக எழுதினார்கள். அடுத்தது, பேட்ரிக் பிறந்த நாடு எது? ஐந்து நர்சுகளும் 'அயர்லாந்து' என்று தூக்கிக் காட்டினார்கள். செல்வகுமாரி 'பிரிட்டன்' என்று எழுதியிருந்தார்.

"போச்சு. எழுந்திரு," என்றார் ஆண்டனி. அவர் கையிலிருந்த அட்டையிலும் அயர்லாந்துதான்.

செல்வகுமாரி எழவில்லை. சிஸ்டர் பிரிஜிட்டைக் கடைசி ஒன்பது வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துவிட்டவர் அவர். சிஸ்டருக்குத் தன் பெயரே மறந்த பிறகும், கஞ்சி ஊட்டும்போதெல்லாம் பேட்ரிக்கின் கதை மட்டும் வாயில் வரும்.

"அவர பதினாறு வயசுல பிரிட்டன்லேர்ந்து பிடிச்சினு போயி, அயர்லாந்துல அடிமையா ஆடு மேய்க்க வெச்சாங்க சார். ஆறு வருஷம்."

"புனிதரப் பத்திப் பேசறோம். பாத்துப் பேசு."

"ஆடு மேய்ச்சா அசிங்கமா? நான் கரும்பு வெட்டிட்டு வந்தவதான்."

நர்ஸ் அர்ச்சனா போனைத் தட்டிப் பார்த்தாள். "சார், அக்கா சொல்றதுதான் சரி. நாங்கதான் அவுட்டு."

ஆண்டனி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இந்தக் கேள்வி கேன்சல்."

"நான் தப்புன்னா வெளிய. நீங்க தப்புன்னா கேன்சலா?"

யாரோ சிரித்தார்கள். ஆண்டனி அட்டையை மேசையில் வைத்தார்.

"கேன்சல் பண்ணிக்கோங்க. நர்சுங்களும் விளையாடட்டும்," என்றார் செல்வகுமாரி. "ஆனா லில்லிக்கும் வேலம்மாளுக்கும் நாற்காலி போடணும். வருஷா வருஷம் போடணும்."

ஆண்டனி வாசல் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். அங்கே நின்றிருந்த இரண்டு ஆயாக்களும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"டீ யாரு குடுக்கறது?" என்றார் ஆண்டனி.

"பிளாஸ்க் மேசைலதான இருக்கு," என்றார் செல்வகுமாரி. "அடுத்த கேள்வி கேளுங்க."