ராஜா இல்லாத சுவர்

அந்தச் சுவரை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். ஆறிப்போகும் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

நெய்வேலி நகரியத்தில் ஒரு தனியார் பள்ளியில் அப்போது ஓவிய ஆசிரியையாக இருந்தேன். கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம்தான் பள்ளி. ஓவிய டீச்சருக்கு அங்கே என்ன மரியாதை என்று கேட்காதீர்கள். கணக்கு டீச்சருக்குப் பாடம் முடியவில்லையென்றால் என் பீரியட்தான் போகும். "படம்தானே மிஸ், அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்பார்கள்.

அதனால் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, கீழ் வராந்தாச் சுவர் முழுவதையும் எட்டாம் வகுப்பிடம் ஒப்படைக்கிறேன் என்றதும் நம்ப முடியவில்லை.

"கலையோட வரலாறு மிஸ். குகை ஓவியத்துல ஆரம்பிச்சு பெரிய கோயிலுங்க வரைக்கும். ஆண்டு விழாவுக்கு சீஃப் கெஸ்ட் அந்த வழியாத்தான் நடந்து வருவார். பிரமாதமா இருக்கணும்."

முதலில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எங்கோ வெளிநாட்டுக் குகையில் காட்டெருமை. பிறகு எகிப்து, கிரேக்கம், ரோம். கடைசியில் நம் ஊருக்கு வந்தால், இந்த மன்னர் இந்தக் கோயிலைக் கட்டினார், அந்த மன்னர் அந்தக் கோயிலைக் கட்டினார். ஒருவர்கூடக் கல் தூக்கியதாகத் தெரியவில்லை. விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில், பாறையில் செஞ்சாந்தால் வரைந்த உருவங்கள் இருக்கின்றன. ஒரு முறை கணவரோடு வண்டியில் போய்ப் பார்த்திருக்கிறேன். விலங்கின் மேல் ஒருவர், அதைக் கயிற்றில் இழுத்துப் போகும் ஒருவர், கையை விரித்து நிற்கும் இன்னொருவர். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய இடம். புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நம் பக்கத்து ஆட்கள் ராஜா வந்து சொல்லித்தரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்?

அந்த எரிச்சலோடுதான் வேலையை ஆரம்பித்தேன். பெயின்ட் டப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முந்திரித் தோப்பு ஓரத்திலிருந்து பிள்ளைகள் செம்மண் அள்ளி வந்தார்கள். துணியில் சலித்து, முந்திரிப் பிசினை ஊறவைத்த தண்ணீரில் குழைத்தோம். ரோட்டோரம் லாரியிலிருந்து விழுந்து கிடந்த நிலக்கரியைப் பொடித்தோம். கறுப்பு வரும் என்று நினைத்திருந்தார்கள். காய்ந்ததும் நல்ல பழுப்பு வந்தது. "மிஸ், நம்ம ஊரே கலர் பாக்ஸ் மாதிரி இருக்கு" என்று ஒருவன் கத்தினான். ஆரம்பத்தில் அவர்களுடைய உள்ளங்கைகளையே பதித்தோம். அடுத்து கீழ்வாலை உருவங்கள். அதற்கடுத்து எகிப்தியக் கல்லறை ஓவியம், கிரேக்கப் பானை என்று சுவர் நீண்டுகொண்டே போனது.

கடைசிப் பகுதி இடைக்காலம். ஒரு பக்கம் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்த ஐரோப்பிய மாதா கோயில். மறுபக்கம் பாதி எழும்பி நிற்கும் நம் கற்கோயில், அதை ஒட்டி மண்ணைக் கொட்டிப் போட்ட சரிவுப் பாதை, அதன் மேல் பாறையை இழுத்துப் போகும் கூட்டம்.

"ராஜா எங்க மிஸ்?"

"அவர் அரண்மனையில இருப்பார். வேலை நடக்கிற இடத்துல யார் இருப்பாங்களோ அவங்களைப் போடுவோம்."

அந்தக் கூட்டத்தைப் பெரும்பாலும் வரைந்தது ஒரே பெண். வகுப்பிலேயே கோடு சுத்தமாக வருவது அவளுக்குத்தான். அவளுடைய அம்மா நகரியத்தில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்கிறவர். கயிறு இழுக்கும் வரிசையில் இடுப்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணை அவளாகவே சேர்த்திருந்தாள். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மிஸ், கட்டி முடிச்சப்புறம் இவங்கள்லாம் உள்ள போய் சாமி கும்பிட்டாங்களா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கிறிஸ்தவக் குடும்பம். சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில், எங்கள் தெரு ஆட்கள் ஒதுங்கித்தான் உட்கார வேண்டும் என்று இருந்ததை முதலில் சொன்னேன். அந்த மாதா கோயில் சுவருக்கு மண் சுமந்தவர் என் தாத்தா என்றும் சொன்னேன். பிறகு, "கோயில்லயும் அப்படித்தாம்மா. கல் சுமந்த நிறைய பேரை உள்ள விடலை. கொள்ளுத்தாத்தா காலம் வரைக்கும் பல ஊர்ல அதான் நிலைமை" என்றேன். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு மறுபடி வரையப் போனாள்.

அடுத்த வாரம் தாளாளர் கூப்பிட்டார் என்று போனால், அவர் அறையில் அந்த வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே தாளாளரிடம் சொன்னார்.

"வேற மதத்துக்காரங்க நம்ம கோயிலைப் பத்தி பசங்க மனசைக் கெடுக்கிறாங்க சார்."

"நான் முதல்ல எங்க கோயிலைத்தாங்க சொன்னேன். உங்க பையன் அதை வீட்ல சொல்லலையா?" என்றேன்.

அவர் எழுந்து போனபிறகு தாளாளர் குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கு மிஸ் வம்பு? அந்த இழுக்கிற ஆளுங்களை எடுத்துட்டு ஒரு ராஜாவைப் போடுங்க. நல்லா கம்பீரமா. அப்படியே அந்தக் கைங்களையும் அழிச்சிடுங்க. அழுக்குக் கை வெச்ச மாதிரி இருக்கு."

"நான் அழிக்க மாட்டேன் சார்."

"சரி, விடுங்க" என்றார். விட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை போனால் வராந்தா வெள்ளை வெளேரென்று இருந்தது. சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. அதன் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு ஃப்ளெக்ஸ். தடியோடு நிற்கும் காட்டுமிராண்டி, பிரமிடு, வெள்ளைக்காரச் சிலை, கடைசியில் கோபுரத்தைக் கையால் சுட்டிக்காட்டும் மன்னர். ஏதோ கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிய படம். மன்னருக்கு ஆறு விரல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த முகங்களை நினைத்தால்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றே சண்டை போட்டிருப்பேன். ஆனால் இடைவேளையில் அந்தப் பெண்ணின் அம்மா வேலைச் சீருடையோடு கேட் அருகே நின்றிருந்தார். பள்ளியிலிருந்து போன் போயிருக்கிறது. உங்கள் பெண் வகுப்பில் தேவையில்லாத கேள்வி கேட்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மிஸ், நீங்க நல்லவங்கதான். ஆனா எம்பொண்ணுக்காக எதுவும் பேசாதீங்க. டிசி குடுத்துட்டா நான் எங்க போறது? அவ படிச்சிகினு இருக்கட்டும், அது போதும்."

"அவ கேட்டதுல என்னங்க தப்பு?"

"தப்புன்னு நான் சொன்னேனா?" என்றார். அவர் கண்ணிலும் கோபம்தான். "கேக்கக் கூடாத எடத்துல கேட்டுட்டா. வூட்டுல அவகிட்ட சொல்லிட்டேன், இனிமே கேக்க மாட்டா."

அதற்கு மேல் நான் என்ன பேசுவது? அவர் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. நான் பேசினால் என் வேலை போகும், என் கணவர் சம்பளத்தில் குடும்பம் ஓடும். அவள் பெயர் அடிபட்டால் அவளுக்குப் படிப்பே போகும். பள்ளிக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு மிரட்டாமல் அவள் அம்மாவுக்குப் போன் போட்டார்களே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தை என்னால் மறக்க முடியாது.

ஆண்டு விழாவன்று சீஃப் கெஸ்ட் வந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி, சாதுவான மனிதர். ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று, "ரொம்ப நல்லா இருக்கே, எந்தப் பிள்ளைங்க வரைஞ்சாங்க?" என்று என்னைக் கேட்டார். தாளாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை யாரும் வரையலைங்க சார். பிள்ளைங்க வரைஞ்சது இதுக்குப் பின்னாடி இருந்துச்சு. வெள்ளையடிச்சுட்டாங்க. அதுல என்ன போடணும்னு சொன்னது நான்தான். பிள்ளைங்க இல்லை."

அவர் ஒரு நிமிடம் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓ" என்றார். பிறகு பொன்னாடை போர்த்த அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

அடுத்த கல்வியாண்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. இப்போது சேத்தியாத்தோப்புப் பக்கம் வேறொரு பள்ளிக்கு பஸ்ஸில் போய் வருகிறேன். அதே புத்தகம், அதே "மன்னர் கட்டினார்". அந்தப் பாடம் வரும்போது கட்டியவர்கள் யார் என்று பிள்ளைகளிடம் கேட்காமல் நான் நகர்வதில்லை. இங்கே இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை. வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் நகரியத்து பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வளர்ந்துவிட்டாள். ஓடி வந்து "மிஸ்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றாகப் படிக்கிறாயா என்றேன். படிக்கிறேன் என்றாள்.

"வரையிறியா?"

"இல்ல மிஸ். விட்டுட்டேன்." சொல்லிவிட்டு, என் முகம் மாறியதைப் பார்த்து அவசரமாக, "எனக்கே அதுல இன்ட்ரஸ்ட் போயிடுச்சு மிஸ், அம்மா ஒண்ணும் சொல்லலை" என்றாள்.

யாரையும் காட்டிக்கொடுக்காமல் பேச இந்த வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். என் பஸ் வந்து நின்றது. ஏற மனமில்லாமல் அதை விட்டுவிட்டு, அவளுடைய பஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.