கரைக்கு மேற்கே போன ஊற்று

டெட்டா வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் ஊற்றங்கரையில் கேட்கும். அவ்வளவுதான் தூரம். ஆஃபா ராஜா தன் மெர்சியா நாட்டின் மேற்கு எல்லையில் மதில்போல நீள மண்கரை எழுப்பச் சொன்னபோது, அது அவள் வீட்டுக்கும் ஊற்றுக்கும் நடுவே வந்து விழுந்தது. கொடுமை என்னவென்றால், அந்த இடத்தில் மண் வெட்டியதே அவள் புருஷன் டில்பர்ட்தான். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஆளுக்கொரு துண்டு கட்டவேண்டும் என்பது உத்தரவு. பக்கத்துத் துண்டு நான் கட்டியது. ஈரத்திலேயே நின்று அவனுக்கு இருமல் கண்டது. கரை எழும்பியது, அவன் எழும்பவில்லை.

அதன்பிறகு தண்ணீருக்குக் கரையில் தொலைவில் விட்டிருந்த காவல் வாசல்வரை நடந்து, சுற்றிக்கொண்டு வரவேண்டும். மாடுகள் இளைத்தன. மணியக்காரர் ஹன்வால்டிடம் போய் நின்றாள். துணைக்கு நானும் போனேன்.

“அய்யா, ஒரு மாடு நுழையற சந்து போதும். பொழுது சாஞ்சா நானே முள்ளு வெச்சு அடைச்சிடறேன்.”

“ராஜா போட்ட கரைம்மா. அவரு இந்தப் பக்கம் வரட்டும், கேப்போம்.”

வந்தது ராஜாவின் சாவுச் செய்திதான். மகன் பட்டமேறினார், அவரிடம் கேட்கலாம் என்றார் ஹன்வால்ட். சில மாதங்களில் மகனும் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஏதோ தூரத்துச் சொந்தம்.

“இப்ப இது யாரு கரைய்யா?” என்று கேட்டாள் டெட்டா.

“ஆஃபா கரைதான்.”

“அவருதான் செத்துட்டாரே!”

“அதுதாம்மா வம்பு. உயிரோட இருந்தா கேட்டிருக்கலாம்.”

ஒரு வசந்தத்தில் அடைமழை பெய்து, அவள் வீட்டெதிரே கரை சரிந்தது. டெட்டா மாடுகளை அந்த வழியே ஓட்டிக்கொண்டு ஓடினாள். ஊற்றில் முழங்கால்வரை இறங்கி, வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாளே ஹன்வால்ட் வந்துவிட்டார். “இது உன் வீட்டுப் பங்கு. நீதான் கட்டித் தரணும்.”

“என் புருஷன் ஒருதரம் கட்டிட்டான்யா!”

“சரிஞ்சிருச்சே.”

மண்வெட்டியை அவர் காலடியில் விட்டெறிந்தாள். பிறகு அவளே போய் எடுத்தாள். நாங்கள் நாலு பேர் கூடை சுமந்தோம். கடைசிக் கூடையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

அறுவடை விருந்தில் ஒரு பாடகன் யாழை மீட்டி, கடல்முதல் கடல்வரை கரை எழுப்பிய மன்னன் என்று பாடினான். டெட்டா எழுந்தாள்.

“எந்தத் துண்டுப்பா அவரு எழுப்புனது? காட்டு, பாக்கறேன்.”

கூடமே சிரித்தது. ஹன்வால்டும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பனிக்கு முன்பே மாடுகளை ஓட்டிக்கொண்டு, கிழக்கே தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். கரையில் அவள் வீட்டுத் துண்டும் இப்போது என் பங்கு.