புதினா மணக்கும் விளக்கு

மாலாங் மலைப்பக்கத்தில் செடிக்கு விளக்கு வேண்டுமென்றால் சுமார்னியிடம்தான் போவார்கள். கடையில் விற்கிற விளக்குகளைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். முன்னால் பளிச்சென்று எரியும், பின்னால் கை வைத்தால் அடுப்பாகச் சுடும். அவள் ஒவ்வொரு எல்இடிக்கு அடியிலும் சூடு கடத்துகிற சாம்பல் நிறப் பசையை மெல்லிசாகத் தடவி, சீப்புப் பல் மாதிரி வெட்டிய அலுமினியத்தில் இறுக்குவாள். பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று பக்கத்திலிருந்து ஊதும். நன்றாக எரியவிட்டுப் பின்புறம் விரலை வைப்பாள். விரலை எடுக்காமல் ஊர்க்கதை பேச முடிந்தால் விளக்கு தேறிவிட்டது, தன் பெயரை ஒட்டுவாள்.

கணவன் வாகியோ போன மழைக்காலத்தில்தான் இந்த வேலைக்கு வந்தான். அவனுக்கு உயிரே ஒரு அந்தூரியம் தொட்டி. அதன் இலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் காப்பியே குடிப்பான்.

ஒரு நாள் ஹார்யாதி வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இறந்துபோன கணவர் கடைசியாகக் கலப்பு செய்த ஆர்கிட்டின் நாற்றுகளை, வாகியோ கட்டிக்கொடுத்த விளக்கின் கீழ் வளர்த்துவந்தார். அந்த விளக்கு இப்போது அவர் கையில் இருந்தது.

"லைட்டு மங்கிப்போச்சும்மா. பாதி நாத்து அழுகிடுச்சு. நான்தான் தண்ணிய கூட ஊத்திட்டேன் போல. மிச்சமாவது பொழைக்கணும்."

சுமார்னி திருகாணிகளைக் கழற்றினாள். குப்பென்று புதினா வாசனை. எல்இடிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து உதிர்ந்தது. பற்பசை! காலையில் அவள் பல் தேய்த்த அதே பற்பசை. வாயெல்லாம் கசந்தது.

"என்ன மாஸ் இது?" என்று கணவனைக் கேட்டாள். அந்த ஊரில் கணவனை மாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நம்ம பசை தீந்துபோச்சு. கொட்டுற மழையில டவுனுக்கு யாரு போறது? எல்லாரும் செய்யிறதுதான்."

"காஞ்சு மண்ணா உதிருது பாருங்க. சூடு எங்க போகும்?"

"இந்தக் குளிர்ல மனுசனே நடுங்குறான். லைட்டுக்கு இவ்ளோ உபசாரமா?"

"விடும்மா, தெரியாம செஞ்சிருப்பாரு," என்றார் ஹார்யாதி.

தெரியாமலா? சுமார்னி விறுவிறுவென்று உள்ளே போனாள். அந்தூரியத்துக்கு மேல், ஹார்யாதியின் விளக்கைக் கட்டிய அதே வாரம் அவன் தனக்காகக் கட்டிய விளக்கு தொங்கியது. கூடத்துக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் பிரித்தாள். சாம்பல் நிறப் பசை, ஓரம் பிதுங்காமல், அவள் சொல்லிக்கொடுத்தபடியே. கடைசிப் பசை இங்கேதான் வந்திருந்தது.

திருடனைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். அடுத்தவர் நாற்றைத் தெரிந்தே சாகவிட்டுத் தன் இலையைத் துடைக்கிற கையை எப்படிச் சகிப்பது? தூ!

பிற்பாடு வாங்கிவைத்த புதுப் பசையைத் தடவி இறுக்கி, அந்தூரியத்தின் விளக்கை ஹார்யாதியிடம் கொடுத்தாள். பிறகு அந்தூரியத்தைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள். ஹார்யாதி கொண்டுவந்த மங்கிய விளக்கை அதன் தலைக்கு நேரே மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

"ஊரு குளிருதே மாஸ். இது இங்கயே எரியட்டும்."

வாகியோ எட்டி, இரண்டு கையாலும் தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஹார்யாதி அதைப் பார்த்துவிட்டார். தன் கையால்தான் தண்ணீர் கூடிவிட்டது என்று அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை.