மலை சுற்றப் போனவர்களின் பக்கம்

லாட்ஜுக்கு நான் எழுதிக் கொடுத்த ப்ரோகிராமுக்கு ஒரு சோம்பேறித்தனம் உண்டு. திரையில் தங்க வந்தவரின் பெயரை மட்டும் காட்டும். அறை எண்ணைக் கேட்டால்தான் டேட்டாபேஸுக்குப் போய் எடுத்து வரும். லேசி லோடிங் என்று இதற்குத் தொழிலில் கௌரவமான பெயர். ஆனால் நாம் கேட்பதற்குள், ப்ரோகிராமின் நடு அடுக்கு டேட்டாபேஸோடு திறந்த செஷனை, அதாவது தொடர்பை, மூடிவிடும்; திரை அப்படியே நின்றுவிடும். இலையில் சோற்றைப் போட்டுவிட்டு, சாம்பார் கேட்கும்போது சமையல்கட்டைப் பூட்டிக்கொண்டு போன கதைதான். "பௌர்ணமிக்கும் இப்படியே நின்னா நான் பழைய நோட்டுக்கே போயிடுவேன்" என்றார் மேனேஜர். எனக்கு இருந்ததோ அந்த ஒரே கஸ்டமர்.

குறுக்கு வழியில் இறங்கினேன். திரையில் ஒருவரின் பக்கம் திறந்திருக்கும் வரை செஷனும் திறந்தே கிடக்கட்டும் என்று விட்டேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கனெக்‌ஷன், ஒரே நேரத்தில் மொத்தம் பத்துதான் திறக்கும். ஒரே ஆள் உட்காரும் கவுண்ட்டருக்கு அதுவே ஜாஸ்தி என்று நினைத்தேன்.

பௌர்ணமி சாயங்காலம் போன் வந்தது. ஓடினேன். பதினோராவது குடும்பம் மூட்டை முடிச்சோடு நிற்கிறது, திரை அசையவில்லை. பத்துப் பக்கங்கள் திறந்து கிடந்தன.

"ஏங்க மூடல?"

"அவங்கல்லாம் மலை சுத்தப் போயிருக்காங்க. திரும்பி வர்றதுக்குள்ள மூடலாமாங்க? நோட்டுலயே அவங்க பக்கத்த நான் மூடுனதில்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கம்ப்யூட்டருக்கும் கிரிவலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பகுத்தறிவுப் பிரசங்கமே செய்துவிட்டேன். காத்திருந்த குடும்பத் தலைவர்கூடத் தலையாட்டினார். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீங்களே மூடிக்கோங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

கடைசியாகத் திறந்ததிலிருந்து மூடிக்கொண்டே வந்தேன். ஒன்பது போனது. திரைக்கு உயிர் வந்தது, அந்தக் குடும்பத்துக்கு அறையும் கிடைத்தது.

பத்தாவதில் என் அம்மாவின் பெயர். வீடு வேங்கிக்காலில் இருந்தும், வேலூரிலிருந்து வந்த சித்தியோடு கோயிலுக்குப் பக்கத்திலேயே தங்குவதாகச் சொல்லிக் காலையில் அறை எடுத்திருந்தாள். முட்டிவலியோடு இந்நேரம் அடி அண்ணாமலையைத் தாண்டியிருப்பாள்.

மௌஸின் மேல் வைத்த விரல் அழுத்த மறுத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"அதையும் மூடிடுங்களேன்" என்றார் மேனேஜர்.

"ஒண்ணு இருந்துட்டுப் போவுதுங்க" என்றேன். "அதான் ஒம்போது காலியாயிடுச்சே."